காகிதத்தில் வேர்த்த ரிசோல்

"இது ரிசோல் இல்லக்கா. துறைமுகத்துல படகு கட்டற கல்லு."

ஐபர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பைத் தொடர்ந்து இருமல் வந்தது. ஊனா தலையணையை உயர்த்தி, தண்ணீர்க் கோப்பையை அவன் உதட்டருகே பிடித்தாள். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

அவனுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். கட்டட வேலைக்காக இளவயதில் கடல் தாண்டிக் கவென்ட்ரிக்கு வந்தவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது அக்கா வீட்டு முன்னறையில்தான் கட்டில்.

"நம்ம ஊருக்கு, வெக்ஸ்ஃபர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக்கா" என்று ஒரே ஒரு முறை கேட்டான். கப்பல் பயணத்தை உடம்பு தாங்காது என்றாள் ஊனா. டாக்டர் சொன்னதைத்தான் சொன்னாள். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பதிலாக அவன் கேட்டது இது ஒன்றுதான். "ஒரு ரிசோலாவது பண்ணிக் குடு."

வெக்ஸ்ஃபர்ட்டில் பிறந்த எவருக்கும் ரிசோல் என்றால் நாக்கில் நீர் ஊறும். எவருக்கும் செய்யத் தெரியாது. மூலைக்கு மூலை மீன் பொரிக்கும் கடையில் அது கிடைக்கும்போது வீட்டில் யார் மெனக்கெடுவார்கள்? மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பார்ஸ்லி, தைம் வாசனைத் தழைகள், மேலே மாவு. அவ்வளவுதான் ஊனாவுக்கு நாக்கு சொன்னது. எவ்வளவு, எப்படி என்று அது சொல்லவில்லை. முதல் தடவை எண்ணெயில் பிரிந்துபோனது. இரண்டாவது, படகு கட்டும் கல்.

அவள் கணவன் டெரெக் கவென்ட்ரிக்காரன். நல்ல மனுஷன். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். ஊனா பிய்த்துப் பார்த்தாள். உள்ளே கொத்துக்கறி.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறியா வாங்கிட்டு வந்திருக்க!"

"ரிசோல்னுதான் கேட்டேன். குடுத்தான்."

"விடு மச்சான்," என்றான் ஐபர் கட்டிலிலிருந்து. "உங்க நாட்டுக்கு ரிசோல்னா என்னன்னு தெரியாது. நீயே அதைத் தின்னுட்டு நரகத்துக்குப் போ."

"அங்க சூடா இருக்குமில்ல? கவென்ட்ரிக்கு அது எவ்வளவோ மேல்" என்றபடி டெரெக் தின்றான்.

மறுநாள் மதியம் ஊனா சந்தையில் தேடி வெந்தால் மாவாக உதிரும் உருளைக்கிழங்கு வாங்கி வந்தாள். வேகவைத்து, ஆறவிட்டு, உருட்டிப் பொரித்தாள். பொன் நிறத்தில் வந்தது. தட்டில் வைத்து எடுத்துப்போனாள்.

ஐபர் முகர்ந்தான். கண்ணை மூடி ஒரு விள்ளல் வாயில் வைத்தான். வெகுநேரம் மென்றான்.

"வாசனை அதேதான். ஆனா..."

"என்னடா ஆனா?"

"மொறுமொறுன்னு இருக்கு."

"மொறுமொறுன்னு இருந்தா குத்தமாடா? துரைக்கு வேற எப்படி வேணுமாம்?"

சத்தம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய், கைக்குக் கிடைத்த முந்தைய நாள் பொட்டலக் காகிதத்தை எடுத்து அழுத கண்ணைத் துடைக்கப் போனாள். வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அப்படியே நின்றாள்.

அப்பா உயிரோடிருந்த காலத்து வெக்ஸ்ஃபர்ட். வெள்ளிக்கிழமை சாயங்காலம். மழை. படகிலிருந்து இறங்கிய அப்பா, காகிதப் பொட்டலத்தைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி மேட்டுத்தெரு ஏறி வருவார். வீடு வந்து பிரிக்கும்போது ரிசோல் வேர்த்துப்போய், தொட்டால் குழையும், வினிகர் ஊறியிருக்கும். அந்த வீட்டில் யாரும் எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் ரிசோல் தின்றதே இல்லை.

புதிதாக ஒன்று பொரித்தாள். உப்பும் வினிகரும் தாராளமாக விட்டுக் காகிதத்தில் இறுகச் சுற்றினாள். கோட்டை மாட்டினாள்.

"மழைல எங்க போற?" என்றான் டெரெக்.

"எங்கயும் இல்ல. வீட்டுக்குத்தான் வரப்போறேன்."

பொட்டலத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, மேட்டுத்தெரு தூரம் இருக்கும் என்று தோன்றும்வரை தெருக்களைச் சுற்றினாள். நெஞ்சில் சூடு உறைத்தது. வாசலில் காலை உதறிவிட்டு உள்ளே வந்து, அவன் மடியில் பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஐபர் கையால் எடுத்துத் தின்றான். பாதி தின்றான். பல வாரங்களாக அவன் அவ்வளவு தின்றதில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"இதான்கா," என்றான். விரலை நக்கினான். போர்வையை விலக்கிக் காலைக் கீழே தொங்கவிட்டான். "என் ஷூ எங்க?"

"எதுக்குடா?"

"கிளம்ப வேண்டாமா? கப்பல் எத்தனை மணிக்கு? அப்பா தேடுவாரு."

ஊனா டெரெக்கைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"காலைலதான்டா கப்பல்," என்றாள்.

"இப்பவே போட்டுவிடு. அப்புறம் நீ மறந்துடுவ."

கால் வீங்கியிருந்தது. கயிற்றை முழுக்க உருவி, ஷூவின் நாக்கை விரித்து, காலை மெல்ல நுழைத்துத் தளர்வாகக் கட்டினாள். அவன் ஷூவோடு படுத்துக்கொண்டான். நிம்மதியாகத் தூங்கினான். மீதி ரிசோல் காகிதத்தில் ஆறிக் கிடந்தது.

விடிகாலையில் மூச்சு நின்றிருந்தது. சவப்பெட்டிக்காரர் வந்து, ஷூவைக் கழற்றிவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் ஊனா.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெக்ஸ்ஃபர்ட்டுக்குப் பக்கத்துத் துறைமுகமான ரோஸ்லேர் போகும் கப்பலில், அந்த ஷூவோடுதான் ஏறினான் ஐபர்.