நாலாவது மாடிச் சத்தம்

"நாலாவது மாடி வர்றப்ப ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?"

லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென விழித்தான். எந்தச் சத்தம்?

கேட்டவர் சோதனை அதிகாரி. கறார் அம்மாள். பழுது பார்த்தபின் மெக்கானிக்கே ஏறிப்போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. கையெழுத்து இவனுடையதுதான். அவனுக்குப் பதிலாக ஏறிப் போனதென்னவோ பாரம் சோதிக்க வைக்கும் இரும்பு எடைக்கற்கள். எடைக்கற்களுக்குக் காது ஏது?

பெருந்தொற்றின்போது ஜன்னலில்லாத ஆஸ்பத்திரி அறையில் பதினெட்டு நாள் கிடந்தவன் அவன். நுரையீரல் தேறிவிட்டது. மனசு தேறவில்லை. கதவு மூடினால் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். இரண்டு வருடமாக எல்லா மாடிக்கும் படிதான். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

"நீங்க ஏறவே இல்ல. அப்படித்தானே?"

பொய் நுனிநாக்குவரை வந்து நின்றது. வேலை போனால் போகட்டும்.

"ஆமா மேடம். கதவு மூடினா உயிர் போற மாதிரி இருக்கு."

"லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட்னா பயமா? மீனுக்கு ஜலதோஷம்னு சொல்ற மாதிரி இருக்கு!" சிரித்தவர் சட்டென்று குரலைத் தணித்தார். "என் தம்பி ஒரு வருஷம் வாசலைத் தாண்டல. டாக்டர்கிட்ட போனப்புறம்தான் தேறினான். இப்ப வீட்டுல ஆளைப் பிடிக்கவே முடியல. வாங்க, மூணுலேர்ந்து நாலு. ஒரே மாடி. நானும் வர்றேன்."

கதவு மூடியது. வியர்வை கொட்டியது. கை, நிறுத்தும் பொத்தானைத் தேடியது. அப்போதுதான்...

கிர்ர்ரிக்!

"மேடம், இது லிஃப்ட் ஓடுற தண்டவாளத்தைப் பிடிக்கிற ரப்பர்! இடது பக்கம். தேஞ்சுபோச்சு!"

கதவு திறந்தது. பயப்பட மறந்துபோனதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மாத்துங்க. அதுவரைக்கும் சான்றிதழ் கிடையாது. ஏறாம கையெழுத்துப் போட்டது இன்னும் எத்தனை?"

"பதினொண்ணு."

"எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிட்டு ஏறிப் பாருங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க. டாக்டர் சீட்டு, லிஃப்ட் சோதனைச் சீட்டு, ரெண்டையும் எங்கிட்ட காட்டினா வேலை இருக்கு. இல்லன்னா மேலிடத்துக்கு எழுதி அனுப்பிடுவேன்."

படியில் உட்கார்ந்து மனைவியை அழைத்தான். எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். மறுமுனையில் ஒரு செல்லச் சீறல்:

"ரெண்டு வருஷமா பாத்ரூம் கதவைத் திறந்து போட்டுக்கிட்டுப் பாட்டு வேற பாடிக் குளிக்கிற மனுஷன்! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்? டாக்டர் நம்பர் எழுதியே வெச்சிருக்கேன். எப்பக் கேப்பீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, முழுசாக ஒரு மூச்சும்.