சுண்டிப் போடும் சர்வ்

மஹதியிடம் நான் தொடர்ந்து நான்கு முறை தோற்றிருக்கிறேன். தோற்றதைக்கூட விடுங்கள். நான் ஃபிளிக் சர்வ் போடப்போவது அவளுக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது என்பதுதான் என் மண்டையைக் குடைந்தது.

பாட்மின்டன் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண சர்வ் வலையை உரசினாற்போல் போய் முன்னால் விழும். ஃபிளிக் சர்வ்வும் அப்படித்தான் தொடங்கும்; கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டினால் எதிராளியின் தலைக்கு மேல் பறக்கும். முன்னால் ஓடி வந்தவள் அசடு வழிய நிற்க வேண்டும். மஹதி மட்டும் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் அடிப்பதற்கு முன்பே பின்னால் போகத் தயாராகிவிடுவாள்.

அவளுக்குப் பத்தொன்பது வயது, மயிலாப்பூர்க்காரி. எனக்கு இருபத்தொன்பது. இந்திய அணியில் மிச்சமிருந்தது ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை எங்களில் யார் ஜெயிக்கிறோமோ அவருக்கு. தோற்றால், விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலை கொடுத்த வங்கி தி. நகர் கிளைக் கவுண்டரில் முழுநேரம் உட்கார வைத்துவிடும்.

கோச் ஃபிரெட்ரிக் சார் என் முழங்கையைச் சந்தேகப்பட்டார். நான் பாதத்தைச் சந்தேகப்பட்டேன். தம்பி ஃபராஸ் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒன்றும் சிக்கவில்லை. மட்டையின் பிடியைக்கூட மாற்றிப் பார்த்தேன், அவ்வளவு பைத்தியம்.

சனிக்கிழமை காலை சிந்தாதிரிப்பேட்டை வீட்டில் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார். போன ஆட்டத்துக்குத்தான் அவர் முதல்முறையாக வந்திருந்தார். என் முகத்துக்கு நேர் எதிரே, மஹதியின் பக்கத்து நாற்காலிதான் அவருக்குக் கிடைத்தது.

"இன்னா ஜுவேரியா, ஒவ்வொரு தபா அடிக்கிறதுக்கு முன்னாடியும் பிஸ்மில்லா சொல்ற. அந்த மேல தூக்கிப் போடுறதுக்கு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். சின்ன வயதிலிருந்தே வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் சர்வ் போடுவேன். ஃபிளிக்குக்கு மட்டும் வாய் வராது. வராததே எனக்குத் தெரியாது. என் உதட்டைப் படித்திருக்கிறாள் அந்தப் பெண்!

"அது ஏமாத்துற சர்வ்மா. அதுக்குப் போய் அல்லாஹ் பேரையா சொல்றது?"

"ஆட்டத்தோட சட்டத்துல அது கீதா இல்லியா?"

"கீது."

"அப்புறம் இன்னா? ஒழுங்கா சொல்லிட்டு அடி. மனசுல தப்புன்னு தோணுச்சுன்னா அடிக்காதே."

அம்மாவுக்குப் பாட்மின்டனில் எத்தனை பாயிண்ட் என்பதுகூடத் தெரியாது.

ஞாயிறன்று மூன்றாவது கேமில் இருபதுக்குப் பத்தொன்பது என்று முன்னிலையில் இருந்தேன். அதுவரை ஒரு ஃபிளிக்கைக்கூடப் போடவில்லை. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் என்னுடையது. மஹதி வலையின் அந்தப் பக்கம் குனிந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்த பிறகு பார்த்தால் சிரிப்பாக வந்தது, பயமாகவும் இருந்தது.

ஃபிளிக்தான் என்று முடிவு செய்தேன். உடனே மனசு உறுத்தியது. அவளை இழுப்பதற்காக அல்லாஹ்வின் பெயரைத் தூண்டிலாகப் போடுகிறேனா? அப்படியானால் வேண்டாம் என்று ஒரு மூச்சு நின்றேன். இருபது வருடமாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து பழகிய மணிக்கட்டு இது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது? எனக்குத்தான் என் வித்தைமேல் வெட்கம் இருந்திருக்கிறது.

பிஸ்மில்லா என்றேன். நிஜமாகவே சொன்னேன். சுண்டினேன்.

மஹதி முன்னால் பாய்ந்தாள். ஷட்டில் அவள் தலையைத் தாண்டிப் போய்ப் பின்கோட்டின் மேல் விழுந்தது.

கைகுலுக்க வந்தவளின் கண்ணில் நீர். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை அவளால்.

"அக்கா, உதடு அசைஞ்சுதே! அது ஷார்ட் சர்வ்வுக்குத்தானே?"

"இனிமே எல்லாத்துக்கும் சொல்லுவேன்டி," என்றேன்.