பூக் கிள்ளிய ஆவாரை

கடப்பாரை பாறையில் மோதித் திரும்பியது. ஆரோக்கியம்மாளுக்கு முழங்கை வரை அதிர்ந்தது. கரட்டில் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் மண், அதிலும் முக்கால்வாசி சரளை. அந்த ஒரு சாணைப் பிடித்துக்கொண்டு சரிவு முழுக்க ஆவாரை நின்றது.

பதினெட்டு வருடமாக அவளும் மூக்காயியும் இங்கே ஆவாரம்பட்டை உரித்து, காயவைத்து, தோல் பதனிட திண்டுக்கல் தோல் ஷாப்புக்காரர் பீர் முகமதுவுக்குக் கட்டுக் கட்டாகப் போட்டுவந்தார்கள். தரைக்கு நாலு விரல் மேலே வெட்ட வேண்டும். தூரைத் தொடக் கூடாது. ஒரு மழையில் துளிர்க்கும், மறு வருடம் உரிக்கலாம்.

இப்போது அதே கரடு அரசாங்கக் காகிதத்தில் தரிசு. திட்டம் போட்டு, எண்ணெய்க்காகக் காட்டாமணக்கு நடுகிறார்கள். ஆவாரையைத் தூரோடு பிடுங்க, அதை நன்றாக அறிந்த பெண்களையே காண்டிராக்டர் கூலிக்கு அழைத்திருந்தார்.

மேஸ்திரி ரொனால்டு அடுத்த வரிசைக்குப் போனதும் ஆரோக்கியம்மாள் கடப்பாரையைக் கீழே வைத்தாள். அரிவாளை எடுத்துத் தரையோடு தரையாக வெட்டி, தூரின்மேல் சரளையைக் காலால் தள்ளி மூடினாள்.

மூக்காயி பார்த்துவிட்டாள். "ஏண்டி, மாட்டுனா இந்தக் கூலியும் போயிரும்."

"பிடுங்குனா அடுத்த வருசம் பட்டைக்கு எங்க போவ?"

கொஞ்ச நேரத்தில் மூக்காயியின் கடப்பாரைச் சத்தமும் நின்றது.

அதன்பின் ஆரோக்கியம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூலி வாங்கித் தின்றுவிட்டு ஏமாற்றிய உறுத்தல் ஒரு பக்கம், வெட்டிய தூர் துளிர்க்காமலே போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். விடிந்ததும் கரட்டைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள். ஐப்பசியில் மழை அடித்தது. பாறைக் குழிகளில் தண்ணீர் வடியாமல் நின்று, காட்டாமணக்குக் கன்றுகள் வேரழுகிச் சாய்ந்தன. மூடிய சரளையைத் தள்ளிக்கொண்டு ஆவாரை எழுந்தது.

மார்கழியில் ஒரு காலை ரொனால்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனும் ஞாயிறு பூசைக்கு அவள் போகும் பங்குக் கோயில்காரன்தான். அவள் கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க செஞ்சது எனக்குத் தெரியும். வியாழக்கெழம ஆபீசர் வாராரு. கன்னு அழுகிப்போனது தெரிஞ்சா என் வேலையும் போயிரும். ஜீப்ப விட்டு எறங்க மாட்டாரு. ரோட்டுல இருந்து பாத்தா காட்டாமணக்கு மாதிரி பச்சையாத்தான் தெரியும். மஞ்சப் பூவு மட்டும்தான் காட்டிக்குடுக்கும்."

புதன்கிழமை முழுக்க இருவரும் சரிவில் குனிந்து பூவையும் மொட்டையும் கிள்ளி மடியில் கட்டினார்கள். "பொங்கலுக்கு வாசல்ல காப்புக் கட்டக்கூட ஒரு பூ விடலயேடி" என்றாள் மூக்காயி. சிரித்தாள். ஆரோக்கியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகியிருந்தது. மறுநாள் ஜீப் வந்து நின்றது. போட்டோ எடுத்தார்கள். போய்விட்டது.

அந்த வருடம் அவள் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கப் போய்க் காலத்தை ஓட்டினாள். தண்டு பெருக்க வேண்டுமே என்று பொறுத்திருந்தாள். பீர் முகமதுவிடம், அடுத்த வருடத் தைக்குப் பட்டை வரும் என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு வருடம் கழித்து, தை பிறந்து நாலாம் நாள் அரிவாளோடும் சாக்கோடும் இருவரும் கரட்டுக்குப் போனார்கள். அடிவாரத்தைச் சுற்றிக் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டு ரொனால்டு உட்கார்ந்திருந்தான். காவலும் இப்போது அவன்தான். அவர்களைக் கண்டதும் எழுந்தான்.

"உள்ள விட ஏலாதுக்கா. இது இப்ப திட்டத்துச் செடி. நல்லா வந்திருக்குன்னு எழுதிட்டாங்க. ஒரு கெளைய வெட்டுனாலும் கேசு."

"இது ஆவாரைடா."

"எனக்குத் தெரியும்க்கா."

கம்பிக்கு உள்ளே புதிதாக எழுதிய பலகை நின்றது. ஆரோக்கியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். காட்டாமணக்குத் தோட்டம். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர். பலகைக்குப் பின்னால், சரிவின் உச்சிவரை, ஒன்றுவிடாமல் பூத்திருந்தது.