க்ளோவிஸின் ரிவால்வர்

மனைவி இறந்த மூன்றாம் மாதம், க்ளோவிஸ் தன் ரிவால்வரைத் தோல் உறையோடு கொண்டுவந்து எர்வின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். தோட்டாக்களை ஏற்கெனவே கடையில் கொடுத்துவிட்டிருந்தான்.

"இது உன் இரும்புப் பெட்டியிலயே இருக்கட்டும் மச்சான். என் வீட்டுல வேண்டாம்."

எர்வின் ஏன் என்று கேட்கவில்லை. க்ளோவிஸ், எர்வினின் மனைவி நடீனின் தம்பி. அவன் முகத்தைப் பார்த்தாலே போதும். எர்வின் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். படகு எஞ்சின் எதுவானாலும் பிரித்து மாட்டிவிடுவான் எர்வின். துப்பாக்கியைப் பற்றி மட்டும் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் கோடையில் லூசியானா கடலோரமே இறால் வேகும் சட்டி மாதிரி புழுங்கியது. க்ளோவிஸ் ஹூமா ஊரில் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். நடீன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் கதவு இடுக்கில் இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிடுவான்.

ஜூலையில் ஏதோ பத்திரம் தேடிப் பெட்டியைத் திறந்த எர்வின், சும்மா உறையிலிருந்து ரிவால்வரை உருவிப் பார்த்தான். குழலின் பக்கவாட்டில் துருவின் செம்புள்ளிகள். நம்பிக் கொடுத்த பொருள். மறைக்க மனம் வரவில்லை. படம் எடுத்து க்ளோவிஸுக்கு அனுப்பிவிட்டான்.

ஒரு நிமிடத்தில் போன் அடித்தது.

"அட கிறுக்கா! தோல் உறையோடவா பூட்டி வச்ச?"

"நீ அப்படித்தானடா குடுத்த!"

"தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடிச்சு வச்சுக்கும்யா! எஞ்சின்காரன்னு வெளிய சொல்லிக்காத. முதல்ல உருளையைத் திறந்து காலியான்னு பாரு."

"காலிதான்."

"இன்னொரு தடவை பாரு. இப்ப எண்ணெய் தொட்டு, ரொம்ப மெல்லிய எஃகுப் பஞ்சால தேய். மெதுவா. சட்டி கழுவுற மாதிரி தேய்ச்சேன்னா மேல்பூச்சு போயிடும்."

எர்வின் தேய்க்கத் தேய்க்க, ஸ்பீக்கரில் போட்ட போனிலிருந்து க்ளோவிஸ் திட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்து அறையில் நடீன் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, தம்பியின் குரலைக் கேட்டபடி அசையாமல் நின்றாள்.

"கை வேர்வை படாம துடைச்சு, மெல்லிசா எண்ணெய் பூசு. எண்ணெய்த் துணியில சுத்தி வை. ஈரம் இழுக்குற பொட்டலம் நாலு பெட்டிக்குள்ள போடு. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் கேப்பேன்."

கேட்டான். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டான். துருப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு தூக்கம் வராதது, வேலைக்குத் திரும்பப் போனது, மருத்துவரிடம் பேசத் தொடங்கியது என்று ஒரு மணி நேரம் ஓடும். பொட்டலம் மாற்றியாயிற்றா என்று கேட்டுவிட்டு, ஒருநாள் அவன் அழவும் செய்தான். எர்வின் போனை வைக்காமல் கூடவே இருந்தான்.

நவம்பரில் க்ளோவிஸ் நேரில் வந்தான். எர்வின் பெட்டியைத் திறந்து ஒதுங்கி நின்றான். க்ளோவிஸ் துணியை விலக்கி, குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"பரவாயில்ல. தேறிட்ட."

"கொண்டுபோறியா?"

க்ளோவிஸ் தானே துணியைச் சுற்றி உள்ளே வைத்தான்.

"இல்ல மச்சான். நல்ல நாளும் இருக்கு, கெட்ட நாளும் இருக்கு. இங்கயே இருக்கட்டும்."

ஏன் என்பதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. எர்வின் பெட்டியைப் பூட்டினான். சமையலறையிலிருந்து நடீன் கத்தினாள்: "கும்போக் குழம்பு ஆறுது! ரெண்டு பேரும் வரீங்களா, நாய்க்குப் போட்டுடட்டுமா?"