முதுகில் பட்ட தோள்

லபக் நகரத்தின் விளிம்பில், பருத்தி ஆலையைத் தாண்டி இருக்கும் ஸ்கேட்டிங் கூடத்துக்கு நோரீன் ஹாக்கெட் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். லெட்டி பெரால்ட்டா மட்டும் குனிந்து, ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்த முழங்கால் உறையை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் நோரீனின் காறை எலும்பு உடைந்தது லெட்டியால்தான். சக்கரக் காலணியோடு வட்டப் பாதையில் சுற்றியபடி, தங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிய ஆட்டம் அது. புள்ளி எடுப்பவளுக்கான, நட்சத்திரம் போட்ட தொப்பியோடு நோரீன் சுற்றி வந்தாள். எதிரணி ஆள் ஒவ்வொருத்தியையும் கடக்கும்போது அவளுக்கு ஒரு புள்ளி. அவளைக் கடக்க விடாமல் நிறுத்துவது லெட்டியின் வேலை. தோளால் இடிக்கலாம், இடுப்பால் தள்ளலாம், நெஞ்சால் மறிக்கலாம். கை, முழங்கை, தலை எதையும் பயன்படுத்தக் கூடாது. எதிராளியின் முதுகில் இடிக்கவே கூடாது. மீறினால் விசில் ஊதி, முப்பது நொடி ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அன்று லெட்டி பக்கவாட்டில்தான் பாய்ந்தாள். ஆனால் அவள் தோள் போய்ப் பட்டது நோரீனின் முதுகில். நோரீன் முகம் குப்புறப் போய் விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. லெட்டி விசிலுக்குக் காத்து நின்றாள். நடுவர் வென்டல் ஆட்டத்தை நிறுத்த ஊதினாரே தவிர, தண்டனைக்கு லெட்டியின் சட்டை எண்ணைச் சொல்லவே இல்லை. தான் செய்ததை அவர் கவனிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். தண்டிக்காமல் விட்டதுதான் அவளை வாட்டியது.

அதன் பிறகு லெட்டி, பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்ததும் தினமும் மூன்று மணிக்கு நோரீன் வீட்டுக்குப் போனாள். சூப் வைத்தாள், தலை வாரிவிட்டாள், சட்டையில் கை நுழைக்க உதவினாள். விவாகரத்துக்குப் பிறகு நோரீன் தனியாகத்தான் இருந்தாள். இருவரும் எதை எதையோ பேசினார்கள். அந்த இடியை மட்டும் பேசவில்லை.

இன்று ஆட்டம் தொடங்கியதும் நோரீன் ஒரே மூச்சில் பன்னிரண்டு புள்ளி எடுத்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. நெருங்கி வந்தவர்கள்கூடக் கடைசி நேரத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டார்கள். லெட்டி ஒதுங்கி வழியே விட்டுவிட்டாள்.

நோரீன் நின்றாள். பல்காப்பை வாயிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள்.

"நான் என்ன பீங்கான் பொம்மையா? ஏழு மாசம் எக்சர்சைஸ் பண்ணி, டாக்டர்கிட்ட சண்டை போட்டு சீட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இப்படி வழி விடத்தான் வந்தீங்களா?"

நோரீன் நேராக லெட்டியிடம் வந்தாள். "மத்தவங்கள விடு. நீ ஏன்டி ஒதுங்குற?"

லெட்டி ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நோரீனும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு உன் முதுகுலதான் இடிச்சேன்," என்றாள் லெட்டி, தரையைப் பார்த்தபடி. "வென்டல் பாக்கல. நானும் வாயத் திறக்கல. அதிலிருந்து யாரையும் இடிக்க முடியல. தோள் கிட்டப் போனாலே அந்தச் சத்தம் கேக்குது."

நோரீன் பல்காப்பை உள்ளங்கையில் உருட்டினாள். பிறகு, "நான்தான் திரும்பினேன்," என்றாள்.

"என்ன?"

"நீ வர்றத ஓரக்கண்ணால பாத்தேன். வேணும்னேதான் முதுகைக் காட்டினேன். முதுகுல பட்டா உன்னை நாற்காலிக்கு அனுப்பிடுவாங்க, வழி காலியாயிடும்னு கணக்குப் போட்டேன். எலும்பு போகும்னு நான் என்ன கண்டேன்."

தண்ணீர் குடிக்க வந்த வென்டல் இதைக் கேட்டு நின்றுவிட்டார். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் நிதானமாகத்தான் சொல்வார். "நான் பாத்தேன், லெட்டி. இடிக்கிற நேரத்துல ஒருத்தி தானா முதுகைத் திருப்பினா, இடிச்சவ மேல குத்தம் இல்ல. விதி அப்படித்தான். அதனாலதான் உன் நம்பரச் சொல்லல."

"இத்தனை நாள் சொல்லவேயில்லையே வென்டல்?"

"யாரும் கேக்கலையே."

அவர் நகர்ந்த பிறகு லெட்டிக்கு முதலில் வந்தது கோபம். "ஒம்பது மாசம்டி. ஒவ்வொரு ராத்திரியும் அந்த இடியையே நினைச்சுட்டுக் கிடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் தினம் நினைப்பேன். மூணு மணிக்கு உன் கார் சத்தம் கேக்கும். இன்னிக்கு வேணாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுடுவேன்." நோரீனின் குரல் தழைந்தது. "உண்மை தெரிஞ்சா நீ வர மாட்டியோன்னு பயமா இருந்துச்சு."

லெட்டி அவளைப் பார்த்தாள். பல் மருத்துவமனை வேலையில் நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லும் இவள், தன் வாயைத் திறக்க இவ்வளவு பயந்திருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"மக்கு," என்றாள் லெட்டி. "குத்தம் செஞ்சதுக்காகவா தினம் வந்தேன்? முதல் வாரம் அதுக்காக வந்தேன். அப்புறம் உன்னைப் பாக்க வந்தேன்."

நோரீன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப வா. ஒழுங்கா இடி. நெஞ்சப் பாத்து."

அடுத்த சுற்றில் நோரீன் வளைவில் வேகமெடுத்து வந்தாள். இந்த முறை திரும்பவில்லை. லெட்டி முழங்காலை மடக்கித் தாழ்ந்தாள், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டாள், தோளை நோரீனின் நெஞ்சில் முழுசாக இறக்கினாள். நோரீன் கோட்டுக்கு வெளியே பறந்து போய் விழுந்தாள். கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது. நோரீன் உட்கார்ந்தபடியே காறை எலும்பைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். லெட்டிக்கு அழுகை வந்துவிட்டது. சக்கரக் காலோடு நின்றுகொண்டே அழுதாள்.

அதற்கடுத்த சுற்றில் நோரீன் முழங்கையால் ஒருத்தியின் விலாவில் குத்தினாள். வென்டல் உடனே விசில் ஊதினார்.

ஆகஸ்டில் அமரில்லோ அணியோடு ஆடி நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். இரண்டாம் பாதியில் இருவரும் ஒரே நேரத்தில் தண்டனை வாங்கினார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வியர்வை சொட்ட உட்கார்ந்திருந்தபோது நோரீன் லெட்டியின் தோளில் சாய்ந்துகொண்டாள். தண்டனை முடிய இன்னும் பத்து நொடிதான் இருக்கிறது, எழுந்து நில்லுங்கள் என்று கடிகாரம் வைத்திருந்தவர் சொன்னார். இருவரும் எழுந்து நின்றார்கள்.