அடி கருகிய மஃபின்கள்

லவெல் மூன்றாவது தட்டை ஓவனிலிருந்து இழுத்தபோது, சாவுக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் கை முழுக்கச் சோளமாவு. பதினொரு மணிக்கு அம்மாவின் அடக்க ஆராதனை. அது முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் சாப்பாடு. அமெரிக்காவின் தெற்கே மேக்கன் நகரத்து அந்தச் சபையில் யார் இறந்தாலும் அந்தச் சாப்பாட்டுக்கு எர்னஸ்டீன் அம்மாள் இனிப்புச் சோள மஃபின் கொண்டுவருவார். இன்றைக்கு இறந்தது அவரே என்பதற்காக அது நின்றுபோகலாமா என்பது மகனின் வாதம்.

அக்கா ரெனீட்டா ஒரு காதில் மட்டும் கம்மலோடு வந்து, சூடாக ஒன்றை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்பாடா.”

“அதான்டா பிரச்சினை. இத அம்மாவோட மஃபின்னு எவன் ஒத்துக்குவான்?”

அவள் சொன்னது நியாயம்தான். அம்மாவின் மஃபின் மேலே பொன், அடியில் கரி. சபையே அதைக் காபியில் முக்கித்தான் தின்றது. ஒருமுறை பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவே, “சகோதரி எர்னஸ்டீன் இந்த வாரமும் தகனபலி செலுத்தியிருக்காங்க” என்று சொல்ல, கூடமே சிரித்தது. அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு மறுவாரம் இரண்டு தட்டு கொண்டுபோனார்.

லவெலும் காலையிலிருந்து கருக்கப் பார்த்துவிட்டான். சூட்டைக் கூட்டினால் மேலேயும் தீய்ந்தது. அதிக நேரம் விட்டால் உள்ளே செங்கல்லாகக் காய்ந்தது. வெறுத்துப்போய் ஒழுங்காகச் செய்தான். பேக்கரிக்காரனே தோற்றுப்போகும்படி வந்தது.

“விடுடா. கருகலன்னு யாராவது அழப்போறாங்களா?” என்றாள் ரெனீட்டா.

“உனக்கென்ன, மேடையேறி அம்மாவப் பத்தி பேசிடுவ. எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே வராது. இது ஒண்ணாவது சரியா வரணும்க்கா.”

ரெனீட்டா அவன் சட்டைக் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பிறகு இன்னொரு கம்மலைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் மோரையும் வெண்ணெயையும் கலந்து, கதிரிலிருந்து வழித்த பால்சோளத்தைப் போட்டு, நான்காவது தட்டை உள்ளே தள்ளினான். அப்போது போன் அடித்தது. டெட்ராய்ட்டிலிருந்து வெர்டெல் சித்தி, அம்மாவின் தங்கை. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பதால் வர முடியாத கோபத்தில் இருந்தார்.

“என்னடா பண்ற?”

“அம்மா மஃபின் சித்தி. அடி மட்டும் கருக மாட்டேங்குது.”

“எவ்வளவு நேரம் வெக்கற?”

“இருபது நிமிஷம்.”

“உங்கம்மா என்னைக்குடா கடிகாரம் பாத்தா? தட்ட உள்ள தள்ளிட்டு எனக்கு போன் போடுவா. பேச்சு, பேச்சு, பேச்சு. அப்புறம் ‘அய்யோ கர்த்தாவே’ன்னு போனப் போட்டுட்டு ஓடுவா. கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு கதையக்கூட நான் முழுசா சொல்லி முடிச்சதில்ல.”

லவெலுக்குச் சிரிப்பு வந்தது. சித்தியும் சிரித்தார்.

“செவ்வாக்கிழமைலேர்ந்து போன மடியிலயே வெச்சிட்டு உக்காந்திருக்கேன்டா. அடிக்கவே மாட்டேங்குது. அதான் நானே போட்டேன்.”

மூன்று நாளாக எல்லோருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு அம்மா இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“கடைசியா எந்தக் கதையில சித்தி நின்னுச்சு?”

“எதிர்வீட்டுக்காரி விக்கு கதை. அவ ஞானஸ்நானத்துக்குத் தண்ணில எறங்குறா, தலையில மாட்டுன விக்கக் கழட்டல…”

சமையல் மேடையில் இருபது நிமிஷத்துக்கு வைத்திருந்த கடிகாரம் கிர்ரென்றது. அவன் கை நீட்டி அதை நிறுத்தினான். சித்தி விக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அந்தக்காலப் பாஸ்டரின் பெண்டாட்டிக்குத் தாவி, அங்கிருந்து ஒரு நாய்க்குப் போனார். சமையலறையில் தீய்ந்த வாசனை மெல்லப் பரவியது. ரெனீட்டா தொப்பியோடு ஓடிவந்து ஓவன் கதவில் கை வைத்தாள். லவெல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தான்.

“நாய் அந்த விக்க என்ன பண்ணுச்சு சித்தி?” என்றான்.