சுண்ணாம்புக் குறி வைத்த கேசட்

பூசாரி திருநீறு கொடுத்தால்கூட எந்த அடுப்புச் சாம்பல் என்று முகர்ந்து பார்ப்பாள் என்று பச்சையம்மாளைப் பற்றி ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், ஆனால் ரொம்பவும் கூட்டியதில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வடக்கே அவளுக்கு ஒரு முந்திரிக்காடு. பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்க வரும் பெண்கள் சாயங்காலம் வீடு திரும்புமுன் அவள் எதிரில் நின்று, மடியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். களத்தில் காயும் கொட்டைக் குவியலின் மேல் சுண்ணாம்புத் தண்ணீரால் குறி போட்டு வைப்பாள். யாராவது ஒரு கை அள்ளினால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாகக் காட்டைக் கட்டிக் காத்தவள் அவள். இந்தச் சந்தேகப் புத்தி மட்டும் இல்லாவிட்டால் காடு எப்போதோ கைமாறியிருக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்படிப்பட்டவள் வாசலில், பங்குனி தொடக்கத்தில் ஒருநாள் காலையில், அருள்முருகன் வந்து நின்றான். பெரம்பலூர்க்காரன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. முதுகில் பெரிய பை.

"தமிழழகன் சார் வூடு இதுதானுங்களாம்மா?"

தமிழழகன் பச்சையம்மாளுடைய ஒரே தம்பி. ஜெயங்கொண்டம் சாலையில் லாரி மோதிச் செத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவன் பேரைச் சொல்லிக்கொண்டு இத்தனை காலம் கழித்து ஒருவன் வருகிறான் என்றால் சும்மாவா வருவான்?

"எதுக்குத் தம்பி?"

அவன் பொறுமையாகச் சொன்னான். ஒரு காலத்தில் பிள்ளைகள் டிவியில் பெட்டியை மாட்டி, கேசட்டைச் சொருகி விளையாடுவார்களே, அந்த டிவி கேம். தமிழழகன் சென்னையில் வேலை பார்த்த சின்னக் கம்பெனி அதற்குச் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து பார்த்தது. செய்தது தமிழழகன். கடைக்கு வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். மாதிரிக்கு ஒரே ஒரு கேசட் செய்திருந்ததாகவும், அதைத் தமிழழகன் ஊருக்கு எடுத்துப் போனதாகவும் கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னாராம். இப்படிக் கடைக்கே வராமல் போன விளையாட்டுகளைத் தேடிப் பிடித்துப் பிரதி எடுத்து வைப்பதில் அருள்முருகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் பித்து.

"அதுக்கு என்ன தருவீங்க?"

"வாங்கிக்க வரலம்மா. பிரதி எடுத்துட்டு உங்ககிட்டயே குடுத்துடுவோம். சார் பேரோட எல்லாரும் பாக்குற மாதிரி வெப்போம். யாருகிட்டயும் காசு வாங்க மாட்டோம்."

காசுப் பேச்சே இல்லை என்றதும்தான் பச்சையம்மாளுக்கு மூக்கில் வியர்த்தது. காசு கொடுத்து ஏமாற்றுகிறவனை அவளுக்குத் தெரியும். காசே வேண்டாம் என்கிறவன் எதைக் கொண்டுபோக வந்திருக்கிறான்?

ஆனாலும் தம்பி செய்தது என்ன என்று பார்க்கும் ஆசை அவளை விடவில்லை. அவன் விட்டுப்போன தகரப் பெட்டியைத் திறந்தாள். அவன் சட்டைகளுக்கு அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றிய பச்சைத் தகடு ஒன்று இருந்தது. ரேடியோ சாமான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கேசட்டுக்கு உள்ளே இருக்கும் தகடு மட்டும்தான், மேலே மூடி கிடையாது. இரண்டு கறுப்புச் சில்லுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெள்ளி ஸ்டிக்கர். அருள்முருகன் அதைப் பார்த்த பார்வையைப் பச்சையம்மாளும் பார்த்துக்கொண்டாள்.

அரசாங்கம் கொடுத்த இலவச டிவியில் அவன் தன் பெட்டியை மாட்டினான். தகட்டின் விளிம்பைத் துடைத்துச் சொருகினான். இரண்டு முறை திரை கலங்கி, மூன்றாம் முறை எழுந்தது. 'அக்கா' என்று கட்டம் கட்டமாகத் தமிழில் எழுத்து. பிறகு முந்திரி மரங்கள், சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்கள். நடுவில் சேலையைத் தூக்கிச் சொருகிய ஒரு பொம்பளை, வலது கையில் துறட்டி, இடது கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறாள். காட்டிலிருந்து வரிசையாகப் பெண்கள் வருகிறார்கள். யார் மடியில் கொட்டை ஒளித்திருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சரியாகப் பிடித்தால் குவியல் வளரும். ஒன்றும் எடுக்காதவளைச் சோதித்துவிட்டால் அக்காவின் குவியலே குறையும்.

"இது நானு," என்றாள் பச்சையம்மாள். "கழிச்சல்ல போறவன், என்னையப் படம் போட்டு வெச்சிருக்கான்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். இருக்கும்போது கேலி செய்தே அவளைக் கொன்றவன், செத்தும் அதை விடவில்லை. அவன் செத்த பிறகு அவளை அப்படிக் கேலி செய்ய ஆள் இல்லை. அவ்வளவு நேசமும் அந்தத் தகட்டுக்குள் பத்திரமாகக் கிடந்திருக்கிறது.

அருள்முருகன் திரையைப் படம் பிடிக்கச் செல்லை எடுத்தான். அவளுக்கு உடனே சுய புத்தி வந்துவிட்டது.

"அதெல்லாம் வேணாம். உள்ள வைங்க."

வைத்துவிட்டான். "பெங்களூருக்கு ரெண்டு நாள் எடுத்துட்டுப் போய்..." என்று ஆரம்பித்தான்.

"எடுத்துட்டுப் போயிட்டு இதையேதான் கொண்டாருவீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவன் கோபப்படவில்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிரதி எடுக்கும் கருவி பெங்களூர் நண்பனிடம் இருக்கிறது, சித்திரை பிறந்ததும் இங்கேயே கொண்டுவந்து அவள் கண்ணெதிரில் எடுக்கிறேன் என்றான். போகும்போது வாசலில் திரும்பி நின்றான்.

"அந்த ஸ்டிக்கரை மட்டும் எடுத்துடாதீங்கம்மா. அடியில சின்னக் கண்ணாடி இருக்கு. அதுல வெயிலு பட்டுச்சுன்னா உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்."

வெயில் பட்டால் அழியுமாம். முந்திரிக்காட்டில் பிறந்து வெயிலிலேயே வெந்தவள் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் மடியை உதறிக்கொண்டே தனம் அதை உறுதிப்படுத்தினாள். தனம் அவளிடம் வெகுகாலமாகக் கொட்டை பொறுக்குகிறவள்.

"ஸ்டிக்கரைத் தொடாதன்னு சொல்றான்னா, ஸ்டிக்கருக்குள்ளதான் என்னமோ இருக்கு பெரியம்மா."

மறுநாள் காலையில் பச்சையம்மாள் நகத்தால் நெருடி இரண்டு ஸ்டிக்கரையும் உரித்தாள். கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்குள் மிளகளவு ஒரு பொட்டு, அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய பொன்னிறக் கம்பிகள் மின்னின. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையன் கேசட்டுக்காக வரவில்லை. இந்தத் தங்கத்துக்காக வந்திருக்கிறான். இதே மாதிரி ஒரு தகட்டை மாற்றி வைத்துவிட்டுப் போகத்தான் அந்தக் கருவி, பெங்களூர் எல்லாம்.

யாரிடம் வேலை காட்டுகிறான்? தகட்டின் பின்பக்கம் கட்டைவிரலால் சுண்ணாம்புக் குறி ஒன்று வைத்தாள். இனி மாற்ற முடியாது. திருட்டு? வீட்டில் வைத்தால் அவள் களத்தில் இருக்கும்போது எவன் வேண்டுமானாலும் நுழையலாம். அவள் கண் பகலெல்லாம் அகலாத இடம் ஒன்றுதான். களத்துக் கொட்டைக் குவியலின் உச்சியில், குறிக்கு நடுவில், கண்ணாடி தன்னைப் பார்த்து மின்னும்படி தகட்டை மல்லாக்க வைத்தாள். மின்னுகிறவரை இருக்கிறது என்று அர்த்தம். பொழுது சாய்ந்ததும் கொட்டையோடு அதையும் அள்ளிக்கொண்டு போவாள். பொழுது விடிந்ததும் மறுபடி கொண்டுவந்து வைப்பாள். பங்குனி வெயில் முழுக்க அதன் மேல் காய்ந்தது. பச்சையம்மாள் நிம்மதியாகக் காவல் இருந்தாள்.

சித்திரை பிறந்து, சொன்னபடியே அருள்முருகன் வந்தான். கொட்டை பொறுக்கிய பெண்கள் வீடு போகும் நேரம். தகட்டைக் கையில் வாங்கியதும் அவன் முகம் மாறியது. கொண்டுவந்த கருவியில் பொருத்தினான். கம்ப்யூட்டர் திரையில் ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடியது. மறுபடி பொருத்தினான். மறுபடியும் அதே எழுத்து. டிவியிலும் போட்டுப் பார்த்தான். மரம் இல்லை, பழம் இல்லை, துறட்டிக்காரி இல்லை. சாம்பல் நிறம் மட்டும் நின்றது.

"வெறுமையா இருக்கும்மா. உள்ள ஒண்ணுமே இல்ல."

"இருக்காதே. இது அதேதான். இந்தா பாருங்க, என் குறி. கலையவே இல்ல."

அவன் சுண்ணாம்புக் குறியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அன்னைக்கு நான் பார்த்தப்ப இந்தக் குறி இல்லியேம்மா."

தகட்டை மறுபக்கம் திருப்பினான்.

"ஸ்டிக்கரு என்னாச்சும்மா?"

"உரிச்சேன். களத்துல வெச்சிருந்தேன், என் கண்ணு முன்னாடியே."

"வெயில்லயா? நான் அவ்வளவு சொல்லியுமா?" அப்புறம் குரலை மிகவும் மெதுவாக்கிக் கேட்டான். "நடுவுல வேற யாராச்சும் வந்து கேட்டாங்களாம்மா? சொல்லுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அந்த மெதுவான குரலைப் பச்சையம்மாளுக்குத் தெரியும். கொட்டை குறைகிற நாளில் அவள் அந்தக் குரலில்தான் தனத்திடம் கேட்பாள்.

எழுந்து போய்த் தகரப் பெட்டியை இழுத்துவந்து அவன் முன்னால் கவிழ்த்தாள். தம்பியின் சட்டைகள் தரையில் விழுந்தன. "பாருங்க. வேற ஒண்ணும் இல்ல. நான் யாருக்கும் குடுக்கல." அவன் பார்க்க விரும்பாதவன் போல் இருந்தான், ஆனால் பார்த்தான். அவள் விடவில்லை. "ஒரு பொம்பள இப்படி இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிப்பா. நீங்களும்தானே பாத்தீங்க. அது நானு. என் தம்பி போட்டது. அதப் போய் நான் வேற ஆளுக்குக் குடுப்பனா?"

"சரிங்கம்மா," என்றான் அருள்முருகன். நம்பாதவர்கள் சொல்கிற சரி. இத்தனை வருஷம் அவள் சொன்ன சரி.

வாசலில் தனமும் மற்ற பெண்களும் வழக்கம்போல் வரிசையாக வந்து நின்றார்கள். தனம் மடியின் முடிச்சில் கை வைத்தாள். பச்சையம்மாள் அவர்களைச் சோதிக்கப் போகவில்லை. அருள்முருகனுக்கு எதிரில் போய் நின்று தன் மடியை அவிழ்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து அவன் முன்னால் உதறிக் காட்டினாள். ஒரு வெற்றிலைத் துணுக்கைத் தவிர வேறொன்றும் கீழே விழவில்லை.